மூழ்கிய இன்ஜினின் கயிற்றை உடனே இழுக்காதீர்கள்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழும்பிவிட்டால் எங்கள் பட்டறைக்கு வரும் வேலையே மாறிவிடும். கோடையில் வருபவை ரிங் தேய்ந்தது, புகை கக்குகிறது, இழுவை இல்லை என்கிற ரகம். மழைக்காலத்தில் வருபவை தண்ணீர் குடித்த இன்ஜின்கள். முகத்துவாரத்தில் அலை தூக்கிக் கவிழ்த்தது, கட்டிப்போட்ட படகில் ராத்திரி முழுக்க மழை நிரம்பி இன்ஜின் முங்கியது, கிளாம்ப் கழன்று இன்ஜினே கடலுக்குள் போய்விட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். பழையாற்றிலிருந்து கோடியக்கரை வரை, அங்கிருந்து முத்துப்பேட்டை, மல்லிப்பட்டினம் வரை எந்த ஊரானாலும் கதை இதைச் சுற்றித்தான்.

இந்த இன்ஜின்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒன்று தெரியும். அவற்றைக் கெடுத்தது கடல் இல்லை. வெளியே தூக்கியதற்கும் பட்டறைக்கு வந்ததற்கும் நடுவில் கரையில் நடந்தவைதான் கெடுத்திருக்கின்றன.

இது கேட்பவர்களுக்குத் தலைகீழாகப் படும். தண்ணீருக்குள் கிடக்கும்போதுதானே துருப்பிடிக்கும், வெளியே எடுத்துக் காயவைத்தால் சரியாகிவிடாதா என்பார்கள். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீர் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சில மில்லிகிராம்தான். காற்றிலோ ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். முழுக்க முங்கிக் கிடக்கும் இன்ஜினுக்குள் துரு மெதுவாகத்தான் நடக்கும். அதை மேலே தூக்கி, உள்ளே உப்புத்தண்ணீர் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும் நிலையில் வெயிலில் வைத்தீர்களென்றால், உப்பு, ஈரம், காற்று, சூடு நான்கும் ஒன்றாகச் சேர்கின்றன. சிலிண்டர் சுவரிலும் கிராங்க் பேரிங்கின் உருளைகளிலும் சில மணி நேரத்திலேயே செம்பழுப்பு படிய ஆரம்பித்துவிடும். மறுநாள் ரிங்குகள் பிஸ்டனின் காடியில் இறுகியிருக்கும். மூன்றாவது நாள் இன்ஜின் ஜாம்.

காய்ந்துவிட்டால் உப்பு போய்விடும் என்று நினைப்பதும் தப்பு. தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே இருக்கும். வேதாரண்யம் உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மூட்டை கட்டிய உப்பே மழைக்காற்று பட்டால் கசிந்து ஈரமாகிவிடும். அதே உப்பு இன்ஜினுக்குள் ஒட்டியிருந்தால், ஒவ்வொரு ராத்திரியும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி அரிக்கத் தொடங்கும்.

கயிறு

"அண்ணே, நான் ஒண்ணுமே பண்ணலண்ணே. சும்மா ரெண்டு இழுப்பு இழுத்துப் பாத்தேன், அவ்வளவுதான்."

இதைச் சொல்லாமல் இன்ஜினை இறக்கிவைப்பவர்கள் குறைவு. அந்த ரெண்டு இழுப்பில்தான் பல இன்ஜின்களின் விதி முடிந்திருக்கும்.

பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை அமுக்குகிறது. காற்று அமுங்கும். நம் பைபர் படகுகளில் இருக்கும் சின்ன டீசல் இன்ஜின்களில் அது பதினேழு, பதினெட்டில் ஒரு பங்காகக்கூடச் சுருங்கும். தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் கொஞ்சம் தண்ணீர் நின்றால் போதும், பிஸ்டன் மேலே போக வழியில்லாமல் முட்டி நிற்கும். அப்போது கையில் பலமுள்ளவர் ஒருவர் கயிற்றையோ ஹேண்டிலையோ வேகமாக இழுத்தால் அந்த வேகம் எங்கேயாவது போயாக வேண்டும். கயிற்றைப் பிடித்தவரின் தோள்பட்டைக்கு வரும், இல்லாவிட்டால் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்குப் போகும். செல்ப் ஸ்டார்ட் உள்ள இன்ஜினில் இன்னும் மோசம். மனிதனுக்குக் கை வலிக்கும், நிறுத்திவிடுவான். மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது.

ராடு வளையாவிட்டாலும் இன்னொரு சேதம் உண்டு. நம் முகத்துவாரங்களில் வெறும் உப்புத்தண்ணீர் மட்டும் இல்லை, வண்டலும் பொடிமணலும் கலந்திருக்கிறது. கடுவையாறு, வெட்டாறு, அரசலாறு எல்லாமே களிமண் கரைத்துக்கொண்டு வரும் ஆறுகள். அலையாத்திக் காட்டுப் பக்கம் கேட்கவே வேண்டாம், முழுக்கச் சேறு. கழுவுவதற்கு முன்னால் சுற்றினால் அந்த மணல் சிலிண்டரிலும் பேரிங்கிலும் கோடு போட்டுக்கொண்டே போகும்.

ஆகவே இன்ஜின் கைக்கு வந்ததும் முதல் வேலை, எதையும் சுற்றாமல் இருப்பது. இரண்டாவது வேலை, ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வது: முங்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா? நின்றிருந்த இன்ஜினை அன்றைக்கே கழுவி ஓட்டிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் உறிஞ்சியிருந்தால் ராடு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த இன்ஜினைக் கடற்கரையில் வைத்து ஓட்டிப்பார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டும். மெக்கானிக்கிடம் இதை மறைப்பவர்களும் இருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னால் செலவு அதிகம் சொல்லிவிடுவார் என்று பயம். நீங்கள் மறைத்தாலும் ராடு காட்டிக்கொடுத்துவிடும். அதற்குள் கிராங்க் கேஸ் உடைந்திருந்தால்தான் நஷ்டம்.

ராடு வளைந்ததா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜின், அதுவும் இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு, நேரான சைக்கிள் கம்பி ஒன்றை முதல் துளையில் விட்டு, பிளைவீலைக் கையால் மெல்லத் திருப்புங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் கம்பியில் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். அதையே அடுத்த சிலிண்டரிலும் செய்யுங்கள். ஒன்று மற்றதைவிடத் தாழ்ந்து நின்றால் அந்த ராடு வளைந்து நீளம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். திருப்பும்போது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உரசினாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

உடனே திறக்க முடியாவிட்டால்

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், அதனால் அழுத்தியே சொல்கிறேன். மூழ்கிய அவுட்போர்டை அன்றைக்கே திறந்து சுத்தம் செய்ய வழியில்லை என்றால், அதை வெயிலில் போடாதீர்கள். நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் முழுசாக மறுபடி முக்கி வையுங்கள். சுத்தம் செய்யும் ஆள் வரும்வரை அது அங்கேயே இருக்கட்டும். காற்றும் படாது, உப்பும் கரைந்துகொண்டிருக்கும். இது என் கண்டுபிடிப்பு இல்லை, படகு இன்ஜின் தொழிலில் உலகம் முழுக்கச் சொல்லும் வழி.

நல்ல தண்ணீர் என்றால் நிஜமாகவே நல்ல தண்ணீர். கடலோர ஊர்களில் பல போர்களில் வருவதே உப்புத்தண்ணீர், அதில் கழுவிப் புண்ணியமில்லை. கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வரும் குழாய், இல்லையென்றால் மழைநீர். ஐப்பசி கார்த்திகையில் மழைநீருக்கா பஞ்சம், கூரையிலிருந்து விழுவதைப் பிடித்து வைத்தாலே டிரம் நிறைந்துவிடும்.

இந்த ஏற்பாடு எவ்வளவு தேவை என்பது புயல் நேரத்தில்தான் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகைக் கரையில் மணலில் புதைந்த இன்ஜின்களை நாள்கணக்கில் யாரும் தொடவில்லை. தொடும் மனநிலையில் யாரும் இருக்கவும் இல்லை, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது நிலைமை வேறு. இன்ஜின்களைத் தோண்டி எடுத்தாகிவிட்டது, ஆட்களும் இருந்தார்கள். மரம் விழுந்து ரோடு இல்லை, கரண்ட் இல்லை, பட்டறைக்குக் கொண்டுவர முடியவில்லை. எடுத்த இன்ஜின்களைத் துடைத்து வரிசையாக வெயிலில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பக்கத்திலேயே வெள்ளத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. தெளிந்த மழைநீராகப் பார்த்து ஒரு தொட்டியில் முக்கி வைத்திருந்தால் அவற்றில் பல பிழைத்திருக்கும்.

அவுட்போர்டு

மேல்மூடியைக் கழற்றிவிட்டு முதலில் நல்ல தண்ணீரால் மொத்தமாகக் கழுவ வேண்டும். பவர் வாஷர் வேண்டாம், அது சீல்களுக்குள் தண்ணீரை அடித்துவிடும். சாதாரண ஹோஸ் போதும். வயர் இணைப்புகள் ஒவ்வொன்றையும் பிரித்து அவற்றின் வாயையும் கழுவுங்கள். தண்ணீர் பட்டுவிட்ட இடத்தில் இன்னும் கொஞ்சம் நல்ல தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது, உப்பு தங்கினால்தான் ஆபத்து.

அடுத்து பிளக்குகளைக் கழற்றுங்கள். பிளக் துளைகள் கீழே பார்க்கும்படி இன்ஜினைச் சாய்த்து, கயிற்றை மெதுவாக, திரும்பவும் சொல்கிறேன், மெதுவாக இழுத்துச் சுற்றுங்கள். தண்ணீர் கொட்டும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸுக்குள்ளும் தண்ணீர் தங்கியிருக்கும். அது மேலே ஏறி வெளியே வரவேண்டும் என்பதால் இருபது முப்பது சுற்றாவது சுற்றியாக வேண்டும். கடல்தண்ணீரில் முங்கியது என்றால் கார்புரேட்டர் வாய் வழியாகவும் பிளக் துளை வழியாகவும் நல்ல தண்ணீர் விட்டு, மறுபடி சாய்த்துச் சுற்றி வெளியேற்றுங்கள். கடைசியில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிச் சுற்றினால் மிச்சமிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொண்டு வந்துவிடும். அப்புறம் டூ ஸ்ட்ரோக் ஆயிலைக் கார்புரேட்டர் வழியாகவும் சிலிண்டருக்குள்ளும் விட்டுச் சுற்றுங்கள். கொஞ்சமாக விட வேண்டும். ஆயிலும் தண்ணீர் மாதிரியே அமுங்காத பொருள்தான், நிறைய ஊற்றிவிட்டுப் பிளக்கை மாட்டினால் அதே ராடு அதே காரணத்துக்காக வளையும்.

இந்தக் கட்டத்தில் பீடியைத் தூர வைத்துவிடுங்கள். பிளக் துளையிலிருந்து தண்ணீரோடு பெட்ரோலும் பீச்சியடிக்கும். பிளக் வயர் தொங்கிக்கொண்டிருந்தால் அதிலிருந்து பொறி பாயும். ஸ்டாப் ஸ்விட்ச்சின் கிளிப்பைக் கழற்றி வைத்து, வயரை இன்ஜின் உடம்பில் எர்த் ஆகும்படி மாட்டிவிட்டுத்தான் சுற்ற வேண்டும்.

கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தைத் திறந்து வடித்துக் கழுவுங்கள். ஜெட் துளைகளில் பொடிமணல் இருந்தால் காற்றால் ஊதுங்கள், கம்பி விட்டுக் குத்தாதீர்கள். டேங்க்கில் இருப்பதை நம்பவே வேண்டாம். பெட்ரோலானாலும் மண்ணெண்ணெயானாலும் தண்ணீர் அதைவிட அடர்த்தி கூடியது, அடியில்தான் தங்கும், உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. மேலே பார்த்தால் நல்ல எண்ணெயாகத் தெரியும், இன்ஜினுக்குப் போவது தண்ணீர். டேங்க், ரப்பர் ஹோஸ், கைபம்ப், பில்டர் எல்லாவற்றையும் காலி செய்து புதிதாகப் பிடியுங்கள். பெட்ரோலோடு ஆயிலை வழக்கமாக 50:1 கலப்பவர் இந்த ஒரு தடவை 25:1 கலக்கலாம், புகை வந்தால் வரட்டும். மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜினாக இருந்தாலும் முதல் ஓட்டம் முழுக்கப் பெட்ரோலிலேயே இருக்கட்டும்.

பிளைவீலுக்கு அடியில், பொறிக்கு மின்சாரம் தரும் காயில்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேலே பார்த்தால் எல்லாம் பளபளவென்று இருக்கும், பொறியும் வரும், இன்ஜினும் ஓடும். இரண்டு மூன்று மாதம் கழித்து நடுக்கடலில் பொறி நின்றுவிடும். பிளைவீலைக் கழற்றிப் பார்த்தால் காயில் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். பிளைவீலைக் கழற்றப் புல்லர் வேண்டும், சுத்தியலால் அடித்துக் கழற்றும் வேலை இல்லை. ஆகவே இதை மட்டும் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். ஆனால் செய்துகொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஸ்டார்ட் செய்து ஓட்டியே ஆக வேண்டும். ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும். இன்ஜின் சூடேறினால்தான் கிராங்க் கேஸின் மூலைகளில் ஒளிந்திருக்கும் ஈரம் ஆவியாகும், ஆயில் பேரிங்குகளுக்குள் போய்ச் சேரும். ஸ்டார்ட் ஆகிவிட்டது என்ற சந்தோஷத்தில் இரண்டு நிமிஷம் ஓட்டி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். அத்தனை வேலையும் வீண். ஓட்டுவதும் டிரம்மில் தண்ணீர் நிரப்பித்தான், புரொப்பல்லரைக் கழற்றிவிட்டுத்தான். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் ரப்பர் இம்பெல்லர் ஒரு நிமிஷம்கூடத் தாங்காமல் கருகிவிடும். பக்கவாட்டில் தண்ணீர் பீச்சுகிறதா என்று கவனியுங்கள். பீச்சவில்லை என்றால் உள்ளே மண் அடைத்திருக்கிறது, உடனே நிறுத்துங்கள்.

போர் ஸ்ட்ரோக் அவுட்போர்டாக இருந்தால் இதெல்லாவற்றோடும் அடியில் ஆயில் நிற்கும் பக்கெட்டையும் பார்க்க வேண்டும். அது டீசல் இன்ஜினுக்கும் பொதுவான கதை.

டீசல் இன்ஜின்

பைபர் படகில் நீளத் தண்டோடு இருக்கும் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின் உழைப்பாளி. பொறியே தேவையில்லை என்பதால் ஈரத்துக்குக் கொஞ்சம் தாங்கும். தண்ணீர் போகும் வழி இரண்டு, ஏர் கிளீனர், சைலன்சர். படகைக் கரையில் கட்டிவிட்டுப் போகும்போது சைலன்சர் வாயில் ஒரு டப்பாவைக் கவிழ்க்கும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது, நல்ல பழக்கம். இல்லாவிட்டால் ஒரு ராத்திரி மழையில் முங்காமலேயே சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கிவிடும். காலையில் வந்து ஹேண்டில் போட்டால் டக்கென்று முட்டும்.

ஏர் கிளீனரையும் சைலன்சரையும் கழற்றுங்கள். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலைக் கழற்றுங்கள். சிலிண்டரின் அமுக்கத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வைத்து, ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றினால் நாசில் துளையிலிருந்து தண்ணீர் வெளியேறும். அதற்கு முன்னால் அடியில் இருக்கும் டிரெயின் நட்டை முழுக்கத் திறக்காமல் இரண்டு புரி மட்டும் தளர்த்துங்கள். ஆயிலுக்கு அடியில் தண்ணீர் தனியாக நின்றால் அதுதான் முதலில் ஒழுகும். அப்படி ஒழுகினால் அதிர்ஷ்டம், இன்ஜின் சுற்றவில்லை, கலக்கவில்லை. ஒழுகுவது பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீரும் ஆயிலும் அடித்துக் கலந்துவிட்டது. அந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

கலந்துவிட்டதென்றால் ஒரு தடவை ஆயில் மாற்றினால் போதாது. விலை குறைந்த ஆயிலை ஊற்றி, லோடு இல்லாமல் சில நிமிஷம் மட்டும் ஓட்டி, சூடு இருக்கும்போதே வடியுங்கள். மறுபடி ஊற்றிக் கொஞ்சம் கூடுதலாக ஓட்டி வடியுங்கள். நிறம் தெளியும்வரை இது நடக்க வேண்டும், மூன்று தடவை ஆகலாம். கடைசியில்தான் நல்ல ஆயிலும் புது பில்டரும். ஆயில் செலவைப் பார்த்து ஒரே தடவையில் முடித்துக்கொள்பவர்கள் அடுத்த பருவத்தில் கிராங்க் செலவோடு வருகிறார்கள்.

டீசலை நாசிலுக்குத் தள்ளும் பம்ப்தான் டீசல் இன்ஜினில் பயப்பட வேண்டிய இடம். அதற்குள் ஏறி இறங்கும் எலிமெண்டுக்கும் அதன் உறைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சில மைக்ரான், தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே ஒரு புள்ளி துரு விழுந்தாலும் எலிமெண்ட் இறுகிவிடும், நாசில் ஊசியும் அப்படியே. தண்ணீர் கலந்த டீசல் பம்ப் வரை போயிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் டேங்க்கைக் காலி செய்து, பில்டரை மாற்றி, சுத்தமான டீசல் விட்டு ஏர் எடுங்கள், அதாவது உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றுங்கள். முதலில் பில்டரில், அப்புறம் பம்ப்பில், கடைசியில் நாசில் பைப்பில். நாசிலை வெளியே வைத்து அடித்துப் பார்க்கும்போது கையை எதிரில் காட்டக் கூடாது. இருநூறு பார் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே பார்த்தால் சின்ன ஊசிக்குத்து மாதிரிதான் தெரியும், விரலையே எடுக்கவேண்டி வரலாம். அப்படி ஆனால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேட்டரி வைத்த படகென்றால் முங்கிய பேட்டரிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். கடல்தண்ணீர் ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

இதே சிகிச்சை வயலில் இருக்கும் ஆயில் இன்ஜினுக்கும் பொருந்தும். திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு பக்கம் வெள்ளத்தில் முங்கிய ஆயில் இன்ஜினை வடிந்த மறுநாளே ஹேண்டில் போட்டுச் சுற்றுபவர்கள் உண்டு. அங்கே உப்பு குறைவு, சேறு அதிகம். அவசரம் கொஞ்சம் குறைவு, கழுவுவதில் பொறுமை கூடுதலாக வேண்டும்.

வலைநூல் செய்யும் வேலை

மூழ்காத இன்ஜினுக்குள்ளும் தண்ணீர் போகிறது. இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் நான் பார்க்கும் கியர் பாக்ஸ் சாவுகளில் பல இப்படித்தான் வருகின்றன. புரொப்பல்லரில் சிக்கிய நைலான் நூலை அறுத்து எறிந்துவிட்டோம் என்று நினைப்போம். ஒரு துண்டு தண்டைச் சுற்றிப் புரொப்பல்லருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஆயில் சீலின் உதட்டை மெல்ல மெல்ல அறுக்கும். கியர் ஆயில் வெளியே கசியும், கடல் உள்ளே வரும்.

மாதம் ஒரு தடவையாவது புரொப்பல்லரைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். கியர் ஆயிலை அடித் திருகைக் கொஞ்சம் தளர்த்திச் சொட்டு விட்டுப் பாருங்கள், பால்நிறமாக இருந்தால் சீலை மாற்றுங்கள். புது ஆயிலை அடித் துளை வழியாக அழுத்தி, மேல் துளையில் வழியும்வரை நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று நின்றுவிடும்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் இருப்பதால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கிறார்கள். பைபர் படகுக்காரர்களுக்கு அப்படிக் கட்டாய ஓய்வு இல்லை, அதனால் பிரிப்பதும் இல்லை. கிளாம்ப் திருகு இரண்டையும் கடலுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் முறுக்கிப் பார்ப்பதும், இன்ஜினிலிருந்து படகுக்கு ஒரு கனமான கயிறு கட்டி வைப்பதும் காசில்லாத வேலை. கழன்று விழுந்த இன்ஜினை முத்துக்குளிப்பது மாதிரி தேடி எடுப்பதற்குக் கூலி கொடுத்தவர்களைக் கேளுங்கள்.

பழைய இன்ஜின் வாங்குவதற்கு முன்

ஒவ்வொரு புயலுக்கும் பிறகு சில மாதம் கழித்து, மலிவு விலையில் பளபளப்பான செகண்ட் ஹேண்ட் இன்ஜின்கள் கரைக்கு வரும். முங்கிய இன்ஜினைக் கழுவாமல் காயவைத்து, பெயிண்ட் அடித்து விற்பது வழக்கமாகிவிட்டது. பெயிண்டைப் பார்க்காதீர்கள். கயிறு சுற்றும் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் சுருள் பட்டையைப் பாருங்கள். செந்துரு இருந்தால் சந்தேகம். பிளைவீல் ஓரத்தில் டார்ச் அடித்துக் காயில் பக்கம் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வயர் இணைப்பு ஒன்றைப் பிரித்தால் உள்ளே பச்சை தெரியும். திருகுத் தலைகளின் பள்ளத்தில் பெயிண்ட் நிரம்பியிருந்தால் பிரிக்காமலேயே மேலே அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிளக்கைக் கழற்றி டார்ச்சும் மெல்லிய கம்பியும் வைத்துச் சிலிண்டர் சுவரைப் பாருங்கள், நெடுக்காகக் கோடும் புள்ளிப் புள்ளியாகக் குழியும் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். விற்பவர் ஓட்டிக் காட்டுகிறேன் என்றால் சரி, ஓட்டச் சொல்லுங்கள். ஆனால் இரண்டு நிமிஷம் இல்லை, அரைமணி நேரம் டிரம்மில் ஓடவிட்டு, நிறுத்தி, முழுக்க ஆறிய பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூட்டில் ஓடிக் குளிரில் ஸ்டார்ட் ஆகாத இன்ஜினை வாங்கிவிட்டு என்னிடம் கொண்டுவந்தால், பெயிண்டுக்கு அடியில் இருப்பதைத்தான் நானும் காட்ட முடியும்.